சந்தனமாரியின் சிவப்புச் சீட்டு

குக்கர் இரண்டாவது விசிலுக்கு மூச்சு இழுக்கும்போதே சந்தனமாரியின் கை அடுப்பின் திருகுக்குப் போய்விடும். விசில் அடித்து அடங்குவதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். இந்த வருடம் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் மூன்றாவது விசிலை யாரும் கேட்டதில்லை. அரிசி அரை மணி நேரம் முன்பே ஊறியிருக்கும். பருப்பு அதே குக்கரில் மேல் தட்டில், அதற்கும் மேலே இரண்டு உருளைக்கிழங்கு. "மிச்சத்த உள்ள இருக்க சூடு பாத்துக்கிடும்க்கா. அதுக்கு நாம எதுக்கு கேஸ் குடுக்கணும்?" என்பாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் வீட்டுக் குக்கர் நாலு, ஐந்து என்று அடித்துக்கொண்டே போனால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவாள். நானும் எழுந்துபோய் அணைத்துவிடுவேன். ஐம்பது வயதான பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பயந்து சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி, கங்கம்மாளுக்குச் சொந்தமான ஐந்து வீடுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. முதல் வீட்டில் நான், இரண்டாவதில் சந்தனமாரி. முப்பத்தாறு வயது, நாங்குநேரிப் பக்கத்துக்காரி. காருக்குள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. இப்போது லைன் லீடர்; முப்பது பேர் அவள் சொல்லுக்கு நிற்பார்கள். புருஷன் வனமாமலை, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸின் டிரைவர். அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே மகள் கவியா, அஞ்சாம் வகுப்பை முடித்துவிட்டு ஆறுக்குக் காத்திருக்கிறாள்.

சந்தனமாரி நடக்கும்போது பார்க்க வேண்டும். வீட்டுக்குள் ஒரு அடிகூட வீணாக வைக்கமாட்டாள். தண்ணீர்க் கேனிலிருந்து அடுப்புக்கு நாலு எட்டு, அடுப்பிலிருந்து கழுவுமிடத்துக்கு இரண்டு எட்டு என்று தரையில் டேப் ஒட்டி, பொருளுக்கெல்லாம் இடம் குறித்து வைத்திருக்கிறாள். விளக்குமாற்றுக்குக்கூட ஒரு மஞ்சள் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்துக்கு வெளியே விளக்குமாறு நின்றால் கவியா அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் விளையாடப் போவாள். அரிசி களைந்த தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாசலுக்கு, வாசலில் மிஞ்சியது என் துளசிக்கு. பற்பசையின் பிட்டத்தைக் கத்தரித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவாள். காய்கறிக்கு ஸ்ரீபெரும்புதூர் போவதென்றால் சாயங்காலம் கடை கட்டும் நேரத்துக்குத்தான். இதெல்லாம் கஞ்சத்தனம் இல்லையா என்று ஒரு நாள் வம்புக்குக் கேட்டேன். "கஞ்சன்னா இருக்கத வச்சிக்கிட்டு செலவழிக்காதவன்க்கா. எனக்கு அந்த வசதி இல்ல" என்றாள்.

நிலைமை அப்படித்தான். போன தீபாவளிக்குப் பிறகு கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. முதலில் ஓவர்டைம் போனது. அப்புறம் மூன்றாவது ஷிப்ட் போனது. பொங்கலுக்குப் பிறகு ஆறு நாள் வேலை நாலு நாளாயிற்று. ஆள் குறைந்ததால் பஸ்ஸும் குறைந்தது. வனமாமலை மணிமங்கலம் வரை ஓட்டிக்கொண்டிருந்த சாயங்கால டிரிப்பை வேறொரு பஸ்ஸோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு பேர் சம்பளமும் ஒரே சமயத்தில் மெலிந்தது. எங்கள் வரிசையில் நாலாவது வீடும் ஐந்தாவது வீடும் அப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன. அங்கிருந்த பெண்களும் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் ஆறு பேராகச் சேர்ந்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ரூமில் இருக்கிறார்கள்.

வனமாமலையும் ஒரு நாள் அதே கணக்குக்கு வந்து சேர்ந்தார். டிரிப் பறிபோன அன்றைக்கே பரணிலிருந்து நீல நிறப் பெரிய பையை இறக்கித் தூசி தட்டி, கவியாவின் இரண்டு உடுப்பை அதற்குள் வைத்து, கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். அவர் டிரைவர்களோடு ரூமில் தங்குவார், சந்தனமாரி லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்குப் போவாள், கவியா நாங்குநேரியில் பெரியப்பா வீட்டில் இருந்து படிப்பாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் டிசி வாங்கிவிட வேண்டும். "அவிய சொல்லுதது தப்பில்லக்கா. மூணு பேரும் மூணு இடத்துல இருந்தா செலவு பாதிதான்" என்று சந்தனமாரி என்னிடம் சொன்னபோது கையில் இருந்த வெங்காயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூனுக்குள் அந்த மீதிப் பாதியை இந்த வீட்டிலேயே பிடித்துவிட்டால் பை திரும்பப் பரணுக்குப் போகும். அவள் அத்தனை ஓட்டமும் அதற்குத்தான். கவியா அந்தப் பைக்கு 'ஊர்ப் பை' என்று பேர் வைத்து, அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள்.

சிவப்புச் சீட்டு வீட்டுக்குள் வந்தது அந்த வாரத்தில்தான். அது கம்பெனி வழக்கம். வேலை நடக்கும் இடத்தில் எந்தப் பொருள் சும்மா கிடக்கிறதோ அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி, தேதி போடுவார்கள். அது தேவை என்கிறவன் முப்பது நாளுக்குள் வந்து காரணத்தைச் சொல்லிச் சீட்டை அவிழ்க்க வேண்டும். யாரும் வரவில்லையென்றால் முப்பதாம் நாள் பொருள் வெளியே. ஆர்டர் இல்லாமல் அவள் லைன் நின்றபோது அதில் ஒயர் கட்டும் பலகைகளுக்கெல்லாம் சீட்டுக் கட்டும் வேலை சந்தனமாரி தலையிலேயே விழுந்தது. "பதினோரு வருசம் நின்னு வேல பாத்த பலகைக்கு நானே சீட்டு கட்டுனேன்க்கா. பலகைக்காவது முப்பது நாள் குடுத்தாவ. அதுல நின்ன கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடக் குடுக்கல" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் சிவப்பாக இருந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துக் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்று. மேலே பொருளின் பேர், நடுவே தேதி, கீழே காரணத்துக்குக் காலியாக ஒரு கோடு. கவியாவுக்குப் பாவாடை தைத்தபோது மிஞ்சிய மஞ்சள் நூல்கண்டு ஒன்று கிடந்தது, அதில்தான் கட்டுவாள். முடிச்சைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். ஷூ லேஸ் மாதிரி நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஏன் இவ்வளவு தளர்வாகக் கட்டுகிறாய் என்றேன். "காரணம் இருக்கவன் வந்து அவுக்கணும்லா. அவன் நகத்த எதுக்கு உடைக்கணும்?" என்றாள்.

மிக்ஸியின் மூன்றாவது ஜார், கேபிள் டிவிப் பெட்டி, விருந்தாளிக்கென்று வாங்கிய டின்னர் செட், வனமாமலையின் இரண்டாவது செல்போன் என்று ஒவ்வொன்றாகச் சீட்டு ஏறி, ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. போனவையெல்லாம் அரிசியாகவும் பருப்பாகவும் திரும்பி வந்தன. கவியாவின் ஒற்றைக்கால் பொம்மைக்கும் சீட்டு விழுந்தது. கவியா காரணக் கோட்டில் 'பாவம்' என்று ஒரே வார்த்தை எழுதி வைத்தாள். சந்தனமாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "செல்லும்" என்று நூலை இழுத்து அவிழ்த்துவிட்டாள். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. நான் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்த உடற்பயிற்சி சைக்கிளில் ஒரு நாள் சிவப்புச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. 'நாளை முதல் ஓட்டப்போகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். "யக்கா, இது காரணம் இல்ல, ஜோசியம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சைக்கிள் போய்விட்டது. என் சேலைகள் இப்போது கொடியில் காய்கின்றன.

ஊர்ப் பைக்கு மட்டும் சீட்டு இல்லை. அது மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறதே, அதற்கு ஏன் கட்டவில்லை என்று சந்தனமாரியிடம் கேட்டேன். "அத வச்சவிய காரணம் சொல்லித்தான் வச்சிருக்காவ. அந்தக் காரணம் இன்னும் செல்லுது" என்றாள். தான் போட்ட சட்டத்தைத் தனக்காக வளைக்கத் தெரியாத ஆள்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத சிக்கனம் ஒன்று உண்டு. வேலை இருக்கும் நாளில் கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாடு. அதை வயிறு கொள்ளும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து, சாயங்காலம் "பசிக்கல" என்பாள். கவியாவுக்கு முட்டை உண்டு, வனமாமலைக்குக் குழம்பு உண்டு, அவளுக்கு டம்ளர் தண்ணீர். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கண்டுபிடித்த அன்றைக்குச் சண்டை போட்டேன். சுவரைத் தட்டி, தோசையைத் தட்டில் போட்டு வெளியே வந்து நின்றேன். வாங்கிக்கொண்டாள். மறுநாள் தட்டைத் திருப்பித் தந்தபோது அதில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை இருந்தது. வெறுந்தட்டைத் திருப்பித் தரும் பழக்கம் அவளிடம் இல்லை. நான் கீரையில் புழு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இவ்வளவு திட்டமான ஆளும் ஏப்ரலில் சறுக்கினாள். எங்கள் வரிசைக்கு முன்னால் ஓடும் பொது நடையில் துருப்பிடித்த இரும்புக் கட்டில் ஒன்று கிடந்தது. யார் கட்டில் என்று யாருக்கும் தெரியாது. அதன் மேல் எங்கள் எல்லோருடைய குப்பையும் இருந்தது. சந்தனமாரி அதற்கும் சீட்டுக் கட்டித் தேதி போட்டாள். முப்பது நாள் சீட்டை யாரும் அவிழ்க்கவில்லை. முப்பதாம் நாள் காலையில், பழைய இரும்பு எடுக்கும் சுப்பராயனின் வண்டியில் கட்டில் ஏறிப் போயிற்று. வந்த பணத்தை எங்கள் மூன்று வீட்டுக்கும் பங்கு வைத்தாள். அவள் பங்கில் ஒரு லிட்டர் எண்ணெய் வந்தது.

பத்து மணிக்குக் கங்கம்மாளின் குரல் கேட்டது. "இன்னா டீச்சர், என் கட்டிலு எங்க? நேத்துகூட இங்க தான கீது?" அது அவளுடைய கட்டில். வீட்டுக்கார அம்மாள் என்ற முறையில் அவளைத் தவிர வேறு யாருடையதாக இருக்க முடியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். சீட்டைப் பார்க்கவில்லையா என்று சந்தனமாரி மெல்லக் கேட்டாள். கங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிவப்புத் தாள், மஞ்சள் நூல், அதுவும் கட்டிலில் கட்டியிருக்கிறது. அவள் வேறென்ன நினைப்பாள்? "மூணாவது வூட்டுக்குப் புதுசா வந்துகீற பொண்ணு, புள்ள வரம் கேட்டுகினு கட்டிக்கீதுன்னு நெனச்சேன். முப்பது நாளும் குங்குமம் வெச்சிகினு வரேன் நானு. அத்த எட்த்து எடைக்குப் போட்டியா நீ? நீ இன்னா பெரிய ஆபீசரா, என் சாமானுக்கு சீட்டு கட்ட?" என்று கத்தினாள். மூன்றாவது வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுக் கங்கம்மாள் எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போனாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சந்தனமாரியின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வனமாமலையும் அவளும் சுப்பராயன் கடைக்கு ஓடினார்கள். அவர் அதற்குள் கட்டிலின் நாலு காலையும் கழற்றிவிட்டிருந்தார். விற்ற விலையைவிடக் கூடக் கொடுத்து வாங்கி, ஷேர் ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சந்தனமாரி அன்று முழுக்க உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்த்தாள். சாயங்காலம் கால்களை மாட்டி, கட்டிலைக் கங்கம்மாள் வாசலில் நிறுத்திவிட்டு, கையில் ஒரு தாளோடு நின்றாள். துணைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தாள்.

கம்பெனியில் ஒரு தப்பு நடந்தால் மன்னிப்புக் கேட்டு விட்டுவிட மாட்டார்களாம். அது ஏன் நடந்தது, அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுதி, வேரைக் காட்ட வேண்டுமாம். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். தாளைப் பிடித்துக்கொண்டு, சூப்பர்வைசர் முன்னால் நிற்கிற மாதிரி நின்று படித்தாள்.

"மொதல் ஏன். கட்டில் ஏன் போச்சு? முப்பது நாளா யாரும் சீட்ட அவுக்கல. ரெண்டாவது ஏன். ஏன் அவுக்கல? ஓனரம்மா வேண்டுதல்னு நெனச்சிட்டாவ. மூணாவது ஏன். ஏன் அப்படி நெனச்சாவ? நான் மஞ்ச நூல்ல கட்டுனேன். நாலாவது ஏன். ஏன் மஞ்ச நூல்? வேற நூல் வாங்க மனசு வரல."

அங்கே நின்றுவிட்டாள். கங்கம்மாள் கட்டிலின் சட்டத்தைத் தடவிக்கொண்டே, "அஞ்சுன்னு தான சொன்ன? இன்னொன்னு இன்னா?" என்றாள். சந்தனமாரி தாளை மடிக்கப் பார்த்தாள். "டீச்சர், நீ வாங்கிப் படி" என்றாள் கங்கம்மாள். வாங்கிப் பார்த்தேன். ஐந்தாவது ஏனுக்குக் கீழே பதில் எழுதித்தான் இருந்தது. 'ஜூன் மாதம் கவியாவை ஊருக்கு அனுப்பாமல் இருக்க, மிச்சம் பிடிக்கிறேன்.' அதைச் சத்தமாகவே படித்தேன்.

கங்கம்மாள் ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. வாடகை ஒரு நாள் தள்ளினால் வாசலில் வந்து நிற்கிறவள்தான். ஏற்கெனவே இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது, இவர்கள் வாடகையும் ஒரேயடியாக நின்றால் அவள் பாடும் திண்டாட்டம். அந்த யோசனையும் ஓடியிருக்கும், வேறு ஏதோவும் ஓடியிருக்கும். கடைசியில், "பின்னால ஷீட்டு போட்ட குடோனு கீது. எலிங்க தான் வாடகை இல்லாம குந்திகினு கீது. நீ கிளீன் பண்ணிகினா பாதி வாடகைக்கு இரு. புள்ளைய ஏன் அனுப்புற?" என்றாள். இரண்டு எட்டு உள்ளே போனவள் திரும்பி நின்று, "என் சாமான் ஒவ்வொன்னுக்கும் என்னிய கேட்டுகினு தான் சீட்டு கட்டணும், சொல்ட்டேன்" என்றாள்.

அடுத்த முப்பது நாள் எங்கள் வரிசைக்கு நல்ல பொழுதுபோக்கு. குடோனுக்குள் கதவு நிலைகள், சிமென்ட் சாக்கு, காலுடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், நிலத்தை விற்ற காலத்து மோட்டார் பம்பு. சந்தனமாரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கங்கம்மாள் தீர்ப்புச் சொன்னாள். மஞ்சள் நூலுக்குத் தடை. அவளே கடைக்குப் போய் ஒரு உருண்டை வெள்ளை நூல் வாங்கி வந்து கொடுத்தாள். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தவள், மூன்றாவது வாரம் காரணம் தேடித் தேடிச் சலித்து, "அது எதுக்கு, எட்த்துப் போடு" என்று தானே சொல்ல ஆரம்பித்தாள். சுப்பராயனின் வண்டி நாலு நடை வந்தது. வனமாமலை லீவு நாளில் சுவருக்கு வெள்ளையடித்தார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை. "வெயில் காலத்துல ஷீட்டு அனலா இருக்கும் டீச்சர். பிள்ள தாங்குமா?" என்று என்னிடம் கேட்டார். டிசிக்கு எழுதிய மனு அவர் சட்டைப் பையில் மடித்தபடியே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை குடிபோனார்கள். சுமக்க ஆள் வேண்டுமே என்று நான் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் திருமலையை வரச் சொல்லியிருந்தேன், வேலையே இல்லை. ஐந்து மாதத்தில் வீட்டுப் பொருள்கள் பாதியாகக் குறைந்திருந்ததால் எல்லாம் ஆறேழு நடையில் முடிந்துவிட்டது. ஒற்றை அறைதான். இருந்தாலும் மூன்று பேரும் கால் நீட்டப் போதுமான தரை மிஞ்சியது. சந்தனமாரி முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, விளக்குமாற்றுக்குக் கட்டம் ஒட்டிக்கொண்டிருந்தாள். கவியா ஒற்றைக்கால் பொம்மையை ஜன்னலில் உட்கார வைத்தாள். நான் கையோடு கொண்டுபோயிருந்த பாலை அடுப்பில் ஏற்றினேன்.

கடைசி நடையில் வனமாமலை நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றார். பிறகு பழைய பழக்கத்தில் இந்தக் கதவுக்குப் பின்னாலும் அதை நிறுத்தினார்.

சந்தனமாரி டேப்பைக் கீழே வைத்தாள். "இதுக்கு என்ன காரணம்?"

அவர் பையைப் பார்த்தார், கூரை ஷீட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "சும்மா... ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமேன்னு" என்றார்.

"சும்மாங்கது காரணம் இல்ல."

சந்தனமாரி பையின் ஜிப்பைத் திறந்து கவியாவின் இரண்டு உடுப்பையும் வெளியே எடுத்து, உதறி, ஆணியில் மாட்டினாள். மேல்தட்டிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்துத் தேதி போட்டாள். காரணக் கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் காலியாகவே விட்டாள். பிறகு வெள்ளை நூலைப் பையின் பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, நுனியைப் பல்லில் கடித்து, கை வெளுக்கும் மட்டும் இழுத்து இறுக்கினாள்.